மின்சார வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் முறை

சங்கக் கட்டடத்திற்கு மின்சாரம் அமைப்பது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. அவ்வேலைக்கு எவ்வளவு பொருள் வேண்டும், எவ்வளவு கூலியாகும், மொத்தத்தில் சங்கத்தின் பணம் எவ்வளவு செலவாகும் என்பவற்றைத் தீர்மானத்திற்கு முன்னரே கணக்கிட்டு வைத்திருக்கும் சங்கங்கள் மிகச் சிலவே. கட்டட வேலையென்றால் செங்கல், சிமெண்டு, மணல் ஆகியவற்றின் அளவை நம் உறுப்பினர்களில் பலர் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவர். மின்சார வேலை என்று வந்ததும், "அது எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் ஒதுங்கும் இடத்தில்தான் பணம் கசிகிறது. சில வேளைகளில் பணத்தைவிடப் பெரியதாகிய உயிருக்கே ஊறு நேர்கிறது.

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் காய்கறி பயிரிடுவோர், கிணற்றுப் பாசனத்தை நம்பியிருப்போர், சின்னாளபட்டிப் பக்கத்தில் தறி வைத்திருப்போர் ஆகிய எல்லோருடைய தொழிலிலும் இன்று மின்சாரம் கலந்துவிட்டது. ஆதலின், மின்சார வேலை மதிப்பீடு என்பது யாது, அதனை எவ்வாறு தயாரிப்பது, ஒப்பந்தக்காரர் தரும் விலைப்புள்ளியை எவ்வாறு சோதிப்பது என்பவற்றை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க முற்படுகிறோம். கம்பி இழுக்கும் வேலையை உரிமம் பெற்றவரே செய்தல் வேண்டும். கணக்குப் பார்க்கும் வேலையையோ உறுப்பினர் ஒவ்வொருவரும் செய்யலாம்.

மின்சாரமும் கூட்டுறவும்

அன்றைய சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் ஆண்டிலும், மேட்டூர் 1937 ஆம் ஆண்டிலும், பாபநாசம் 1944 ஆம் ஆண்டிலும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957 ஜூலை 1 ஆம் நாள் மின்சார வாரியம் அமைந்தது. அவ்வாரியம் 2010 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு முதல் மின்விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. சிறு விவசாயிகளுக்கு 1984 ஆம் ஆண்டிலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 ஆம் ஆண்டு முதலும் பாசனத்திற்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுகிறது. 2023 மார்ச்சில் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்திற்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி என்று உயர்த்தப்பட்டது.

சலுகை இருக்கையில் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கட்டணமில்லாமல் வருவது மின்சாரம் மட்டுமே. கம்பியும், குழாயும், ஸ்டார்ட்டரும், மோட்டாரும் நம் பணத்தில் வாங்கியவை. கணக்குத் தவறினால் எரிவதும் நம் மோட்டாரே.

மின்சார வேலையின் செலவைக் கூட்டுறவு முறையால் குறைக்க முடியும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் வரலாறு தக்க சான்று. 1935 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. கிராமத்திற்கு ஒரு மைல் மின்பாதை அமைக்க 1,500 டாலர் முதல் 2,000 டாலர் வரை பிடிக்கும் என்று தனியார் கம்பெனிகள் கணக்குக் காட்டின. அவ்வாண்டு மே மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தினார். 1936 இல் அதற்குச் சட்டமும் வந்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடன் பெற்றனர். பொறியாளர்கள் மதிப்பீட்டைப் புதிதாகப் போட்டனர். கம்பங்களுக்கிடையே உள்ள தூரத்தை நீட்டினர். எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரியான அமைப்பை வகுத்தனர். பொருள்களை மொத்தமாக வாங்கினர். சில ஆண்டுகளில் மைலுக்கான செலவு 1,000 டாலருக்குக் கீழே இறங்கிற்று. மின்சாரமும் கம்பியும் மாறவில்லை. கணக்குப் போட்ட முறையே மாறிற்று.

நம் நாட்டிலும் 1969 ஆம் ஆண்டில் கிராம மின்மயமாக்கல் கழகம் தோன்றியபின், முன்னோடியாகச் சில மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றைய தெலங்கானாவில் உள்ள சிர்சில்லாவில் ஏற்பட்டது. சிர்சில்லா விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பது நம் நெசவாளர் உறுப்பினர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

மதிப்பீட்டின் வகைகள்

மதிப்பீடு இரு வகைப்படும். முதலாவது உத்தேச மதிப்பீடு. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு அல்லது ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்துப் பெருக்கிக் காண்பது அது. நிதி ஒதுக்கலாமா, கடனுக்கு விண்ணப்பிக்கலாமா என்று முதலில் ஆலோசிப்பதற்கு அது போதும். இரண்டாவது விரிவான மதிப்பீடு. கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளக்கும் விசிறியும் எங்கே வரும் என்று குறித்து, குழாயின் நீளம், கம்பியின் நீளம், பெட்டி, திருகு வரை எண்ணி எழுதுவது அது. விலைப்புள்ளி கேட்பதற்கு முன் இந்த இரண்டாவது மதிப்பீடு சங்கத்தின் கோப்பில் இருத்தல் இன்றியமையாதது. உத்தேச மதிப்பீட்டை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுவது, சேலையின் நீளத்தையும் அகலத்தையும் சொல்லாமல் பாவுக்கு நூல் வாங்கப் புறப்படுவதற்கு ஒப்பாகும்.

முதற்படி: சுமைக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 18 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள சங்கக் கொட்டகை ஒன்றைக் கொள்வோம். அதில் தார் சுற்றும் இயந்திரங்கள் இரண்டு, விளக்குகள், விசிறிகள் ஆகியன வேண்டும். சுமையைக் கீழ்க்கண்டவாறு எழுதலாம்.

20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு 12: 240 வாட்
75 வாட் விசிறி 6: 450 வாட்
சிறிய பிளக் பாயிண்டு 5, ஒன்றுக்கு 100 வாட் வீதம்: 500 வாட்
பெரிய பிளக் பாயிண்டு 2, ஒன்றுக்கு 1,000 வாட் வீதம்: 2,000 வாட்
1 குதிரைத்திறன் மோட்டார் 2: 2,000 வாட்
மொத்தம்: 5,190 வாட்

மோட்டாரின் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் வெளியே தரும் ஆற்றலின் அளவு. சிறிய மோட்டாரின் திறன் நூற்றுக்கு 75 என்று கொண்டால், அது உள்ளே வாங்குவது ஏறக்குறைய 1,000 வாட். வாங்குவதைத்தான் கம்பி சுமக்கிறது. ஆகவே வாங்கும் அளவையே மதிப்பீட்டில் எழுதவேண்டும்.

மொத்தச் சுமை 5.19 கிலோவாட் ஆகிறது. நம் மாநிலத்தில் 4 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமைக்கு மும்முனை இணைப்பு பெறவேண்டும். இக்கணக்கை முன்னரே போடாமல் ஒருமுனை இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் மாற்றினால், கட்டணம், பெட்டி, மெயின் சுவிட்சு ஆகிய எல்லாவற்றிற்கும் இருமுறை செலவாகும்.

எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்பதும் உண்மையே. பத்தில் ஏழு பங்கு ஒரே வேளையில் ஓடும் என்று கொண்டால், உச்ச நேரத் தேவை ஏறக்குறைய 3.6 கிலோவாட் ஆகும். மெயின் கம்பியின் பருமனை ஆராயும்போது இவ்வெண் உதவும். எனினும், பின்னாளில் மூன்றாவது தார் இயந்திரம் வரக்கூடும் என்பதை மனத்திற்கொண்டு, சிறிது இடம் விட்டே கணக்கிடல் நலம்.

இரண்டாம் படி: சுற்றுகளைப் பிரித்தல்

விளக்கு, விசிறி, சிறிய பிளக் ஆகியவற்றிற்கு ஒரு சுற்றில் 10 பாயிண்டுகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ சேர்க்கலாகாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் நெறி. நம் கொட்டகையில் இவ்வகைப் பாயிண்டுகள் 23. அவற்றின் சுமை 1,190 வாட். சுமையை மட்டும் பார்த்தால் இரண்டு சுற்றுகள் போதும். பாயிண்டுகளை எண்ணினால் மூன்று வேண்டும். இரண்டில் பெரியதையே கொள்ளவேண்டும். ஆகவே மூன்று சுற்றுகள். பெரிய பிளக்குகள் இரண்டிற்கும் ஒரு சுற்று. மோட்டார்களுக்குத் தனித்தனியே இரண்டு. ஆக மொத்தம் ஆறு சுற்றுகள். அவற்றை மூன்று முனைகளுக்கும் இரண்டிரண்டாகப் பங்கிட்டு, முனைக்கு ஒரு வழியைக் காலியாக விட்டால் ஒன்பது வழிகள் தேவைப்படும். ஒன்பதுக்கு அடுத்தபடியாகக் கடையில் கிடைக்கும் பன்னிரண்டு வழிப் பெட்டியை எழுதிக்கொள்ளலாம்.

சுற்றுகளை இவ்வாறு பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிடுவது மலிவாகத் தோன்றும். ஒரு விசிறி பழுதானால் கொட்டகை முழுதும் இருளடையும். தறியும் தாரும் நிற்கும். ஒரு நாள் வேலை நின்றால் எத்தனை குடும்பங்களின் கூலி போகிறது என்பதையும் அந்த மலிவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றாம் படி: கம்பியின் பருமன்

நெசவாளர்கள் நூலின் எண்ணை நன்கறிவர். எண் உயர உயர நூல் மெலியும். பழைய நாளில் கம்பிக்கும் அவ்வாறே எண் வழங்கிற்று. மூன்று இருபது, ஏழு இருபது என்று பழைய எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் கணக்கில், இருபது என்பது இழையின் எண். மூன்றும் ஏழும் இழைகளின் தொகை. இன்று கம்பியைச் சதுர மில்லிமீட்டரால் குறிக்கின்றனர். இதில் எண் உயர்ந்தால் கம்பி தடிக்கும். இரண்டு கணக்கையும் கலந்துவிடாமல், மதிப்பீட்டில் சதுர மில்லிமீட்டரையே எழுதுதல் வேண்டும்.

கம்பி மெலிந்திருந்தால் இரண்டு தீங்குகள் நேரும். கம்பி சூடேறி மேலுறை கெடும் என்பது ஒன்று. வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துபோவது மற்றொன்று. நம் விவசாயிகளை வருத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தீங்கே. அதை ஒரு கிணற்றை வைத்துக் காண்போம்.

வினாடிக்கு 4 லிட்டர் தண்ணீரை 40 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டும். நான்கையும் நாற்பதையும் பெருக்கி 75 ஆல் வகுத்தால் 2.13 குதிரைத்திறன். பம்பின் திறன் பாதி என்று கொண்டால் 4.27. ஆகவே 5 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். அதன் வெளியீடு 3,730 வாட். மோட்டாரின் திறன் 0.75, திறன் காரணி 0.8, மின்னழுத்தம் 415 வோல்ட் என்று கொண்டு கணக்கிட்டால், அது 8.6 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்.

மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 200 மீட்டர் தொலைவு என்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மின்தடை 7.41 ஓம், 4 சதுர மில்லிமீட்டருக்கு 4.61 ஓம். இவ்வெண்களைக் கொண்டு பார்த்தால், மெல்லிய கம்பியில் வழியில் இழக்கப்படுவது ஏறக்குறைய 17.7 வோல்ட், அதாவது நூற்றுக்கு 4.3 பங்கு. தடித்த கம்பியில் இழப்பு 11 வோல்ட், நூற்றுக்கு 2.7 பங்கு. இழப்பு நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டாதிருப்பது நலம். ஆகவே இக்கிணற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியே தகும். மெல்லிய கம்பியும் 8.6 ஆம்பியரைத் தாங்கவல்லதே, தீயும் பிடிக்காது. அதனாலேயே பலர் அதை வாங்குகின்றனர். ஆயினும் கோடையில் ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது மின்பாதையிலேயே அழுத்தம் தாழ்ந்திருக்கும். அதன்மேல் நம் கம்பியும் 17 வோல்ட்டை விழுங்கினால், மோட்டார் அதே வேலையைச் செய்வதற்கு மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும், சுருள் சூடேறும், ஒரு நாள் எரியும். மோட்டாரை மேலே தூக்கும் கூலி, சுருள் கட்டும் கூலி, தண்ணீரின்றி வாடிய தக்காளிப் பாத்தி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தடித்த கம்பிக்குக் கொடுக்கும் மிகுதிப் பணம் சிறிதாகவே தோன்றும்.

இதே கம்பி கட்டணம் செலுத்தும் ஒரு தொழிற்கூடத்தில் இருந்தால் இழப்பை யூனிட்டிலேயே காணலாம். மெல்லிய கம்பி 329 வாட்டையும் தடித்த கம்பி 205 வாட்டையும் வெப்பமாக வீணாக்குகின்றன. வேறுபாடு 124 வாட். நாளுக்கு 8 மணி வீதம் 300 நாள் ஓடினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 298 யூனிட் வீண்.

நான்காம் படி: நீளமும் கழிவும்

குழாயின் நீளத்தை வரைபடத்தின் தரையளவைக் கொண்டு மட்டும் கணக்கிடுவது பொதுவாக நேரும் பிழை. கம்பி சுவரில் ஏறியும் இறங்கியும் செல்கிறது. நம் கொட்டகையில் பெட்டி 1.5 மீட்டர் உயரத்திலும், குழாய் 3 மீட்டர் உயரத்திலும், சுவிட்சுப் பலகை 1.3 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். பெட்டியிலிருந்து ஏறுவது 1.5 மீட்டர், சுவரோடு செல்வது 9 மீட்டர், பலகைக்கு இறங்குவது 1.7 மீட்டர். குழாய் 12.2 மீட்டர். அதனுள் மூன்று கம்பிகள் சென்றால் கம்பி 36.6 மீட்டர். வளைவுக்கும் முனைக்கும் கழிவாக நூற்றுக்கு 10 சேர்த்தால் ஏறக்குறைய 40 மீட்டர். தரையளவை மட்டும் பார்த்தவர் 27 மீட்டர் என்று எழுதியிருப்பார். இவ்வாறு ஒவ்வொரு பகுதிக்கும் குழாயின் நீளத்தை அதனுள் செல்லும் கம்பிகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பட்டியலிட வேண்டும்.

கம்பி கடையில் 90 மீட்டர் சுருளாக வருகிறது. கணக்கில் வந்த நீளத்தை முழுச் சுருள்களாக மாற்றி எழுதுக. சுருளின் தரத்தைச் சோதிக்கத் தராசும் உதவும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் 90 மீட்டர் சுருளில் உள்ள செம்பு மட்டும் 2 கிலோ எடை இருக்கவேண்டும். மேலுறையோடு சேர்ந்த சுருளே 2 கிலோவை எட்டவில்லையென்றால், செம்போ நீளமோ குறைந்திருக்கிறது என்பது உறுதி. நூல் கட்டை எடைபோட்டு வாங்கும் நெசவாளர்க்கு இச்சோதனை புதிதன்று. இந்தியத் தர நிர்ணய முத்திரையையும் பார்த்து வாங்குக.

செம்பின் விலை உலகச் சந்தையைப் பொறுத்தது. 2011 பிப்ரவரியில் டன் 10,000 டாலரைத் தாண்டியது, பின்னர் இறங்கியது, 2021 இல் மீண்டும் தாண்டியது. ஆகவே சென்ற ஆண்டின் மதிப்பீட்டில் தேதியை மட்டும் மாற்றி இவ்வாண்டு பயன்படுத்தலாகாது. பொதுப்பணித்துறையின் அவ்வாண்டு விலைப்பட்டியலோடும், திண்டுக்கல் கடைத்தெருவின் அன்றைய விலையோடும் ஒப்பிட்டே எழுதவேண்டும். விலைப்புள்ளி எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பெறவேண்டும்.

மறக்கலாகாத இனம்: எர்த்து

மதிப்பீடுகளில் அடிக்கடி விடுபட்டுப்போவது புவி இணைப்பு, அதாவது எர்த்து. அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். ஆதலால் அதன் இன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை. மோட்டாரின் உள்ளே கசிவு ஏற்பட்டு, மின்சாரம் அதன் இரும்புக் கூட்டுக்கு வரும் நாளில்தான் தெரியும். எர்த்து இருந்தால் அம்மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும்; காப்பு சுவிட்சு விழும். இல்லாவிட்டால், ஈரக் காலுடன் மோட்டாரைத் தொடுபவரின் உடல் வழியே இறங்கும்.

மும்முனை மோட்டாரின் கூட்டிற்குத் தனித்தனியான இரண்டு எர்த்து இணைப்புகள் தேவையென்பது 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலந்தொட்டு வரும் கட்டளை. நம் வட்டாரத்தில் பாறை மேலேயே தட்டுப்படும் நிலம் மிகுதி. கோடையில் மண் காய்ந்து மின்தடை ஏறும். வண்டல் நிலத்தில் போதுமான குழி இங்கே போதாது. கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்ற வாய் வைத்து, கோடையில் தவறாது நீரூற்ற வேண்டும். குழி தோண்டும் கூலியும் பாறை நிலத்திற்கேற்பக் கூடும். இவற்றை மதிப்பீட்டில் தனி இனமாகவே எழுதுக. இதனோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு சுவிட்சும் பட்டியலில் இருக்கவேண்டும்.

கூலி முதலியன

பொருளின் விலையைக் கூட்டியபின் கூலி, எதிர்பாராச் செலவு, ஒப்பந்தக்காரரின் மேற்செலவும் ஆதாயமும், வரி என்பவை வரிசையாகச் சேரும். கணக்கு விளங்குவதற்காகக் கற்பித்த எண்களைக் கொண்டு காட்டுவோம்.

பொருள்: ரூ. 60,000
கூலி: ரூ. 24,000
கூடுதல்: ரூ. 84,000
எதிர்பாராச் செலவு நூற்றுக்கு 5: ரூ. 4,200
கூடுதல்: ரூ. 88,200
மேற்செலவும் ஆதாயமும் நூற்றுக்கு 15: ரூ. 13,230
மொத்தம்: ரூ. 1,01,430

வரி இதன்மேல் தனி. மின் பகிர்மானக் கழகத்திற்குச் செலுத்தும் பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை ஆகியவையும் தனியே. இவற்றைச் சேர்க்காமல் நிதி ஒதுக்கிவிட்டு, வேலை முடிந்தபின் இணைப்புப் பெறப் பணமின்றி இருளில் நிற்பது வேண்டாம். ஒப்பந்தக்காரரின் ஆதாயத்தை மறைக்காமல் எழுதுவதும் நன்று. நியாயமான ஆதாயத்தை மதிப்பீட்டில் அவருக்கு மறுத்தால், அதை அவர் கம்பியின் பருமனில் எடுத்துக்கொள்வார்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடுதல்

தணிக்கையின்போது ஒரு சங்கத்தின் கோப்பில் நாம் கண்டதை இங்கே கூறுவது பயன்படும். ஏறக்குறைய மேற்சொன்ன அளவுள்ள கொட்டகைதான். விரிவான மதிப்பீடு இல்லை. "கொட்டகைக்கு ஒயரிங் செய்ய" என்ற ஒரே வரியில் விலைப்புள்ளி கேட்டிருந்தனர். வரி நீங்கலாக, முதலாமவர் ரூ. 78,000, இரண்டாமவர் ரூ. 92,000, மூன்றாமவர் ரூ. 1,04,000 என்று எழுதியிருந்தனர். மிகக் குறைந்ததை ஏற்றுத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தில் முறைக்கேடு எதுவும் இல்லை. குறைந்த விலையை ஏற்பது சங்கத்தின் கடமை என்றே உறுப்பினர்கள் எண்ணினர்.

மூன்று தாள்களையும் இனவாரியாக அருகருகே வைத்துப் படித்தபோது வேறு கதை தெரிந்தது. முதலாமவரின் தாளில் எர்த்து இல்லை. கசிவுக் காப்பு சுவிட்சு இல்லை. சுவரை வெட்டிய இடத்தில் மீண்டும் பூசுவது இல்லை. சோதனையும் முடிவுச் சான்றும் இல்லை. அவற்றின் மதிப்பு முறையே ரூ. 9,000, ரூ. 4,500, ரூ. 6,000, ரூ. 2,500, ஆக ரூ. 22,000. அவரது உண்மையான விலை ரூ. 1,00,000. இரண்டாமவரின் தாளில் விடுபட்டது சுவர்ப் பூச்சு மட்டுமே. அவரது விலை ரூ. 98,000. மூன்றாமவர் எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். ஆகவே உண்மையில் குறைந்தவர் இரண்டாமவரே.

நடந்தது என்னவெனில், விடுபட்ட வேலைகள் பின்னர்க் "கூடுதல் வேலை" என்று முளைத்தன. அப்போது போட்டி இல்லை. வேலையிலிருந்தவர் சொன்னதே விலை. அவற்றிற்கு ரூ. 31,000 கொடுத்துச் சங்கம் மொத்தம் ரூ. 1,09,000 செலவிட்டிருந்தது, மூன்றாமவர் கேட்டதைவிடவும் ரூ. 5,000 மிகுதி. அந்த எர்த்தும், தார் சுற்றும் பெண்மணி ஒருவர் மோட்டாரைத் தொட்டு அதிர்ச்சியுற்று விழுந்த பின்னரே போடப்பட்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆகவே, விலைப்புள்ளி கேட்கும்போது சங்கமே இனப்பட்டியலைத் தயாரித்து, எல்லோருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே விலையை நிரப்பும்படி கேட்கவேண்டும். வந்தவற்றை ஒப்பீட்டுப் பட்டியாக எழுதிக் குழுவின்முன் வைக்கவேண்டும். சங்கத்தின் மதிப்பீட்டைவிட மிகவும் தாழ்ந்த விலை வந்தால், மகிழ்வதற்கு முன் எந்த இனம் விடுபட்டது, எந்தக் கம்பி மெலிந்தது என்று தேடவேண்டும். கூடுதல் வேலை நேருமாயின் அதற்கும் பட்டியலில் கண்ட விலையே செல்லும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்த்துக்கொள்வது சங்கத்தைக் காக்கும்.

வேலை முடிந்தபின்

பணம் கொடுக்கும் முன் அளவெடுத்தல் வேண்டும். சுவருக்குள் குழாய் மறையும் முன்னரே நிர்வாகக் குழுவினர் இருவர் சென்று, குழாயின் நீளத்தையும் கம்பியின் பருமனையும் பார்த்து அளவுப் புத்தகத்தில் கையொப்பமிடுவது நல்ல வழக்கம். பூசிய சுவரைப் பார்த்து அளவெழுத யாராலும் இயலாது. மெக்கர் என்னும் கருவியால் கம்பிகளின் காப்பைச் சோதித்து, அது ஒரு மெகாஓமுக்குக் குறையாதிருப்பதையும், எர்த்தின் தடையையும், காப்பு சுவிட்சு விழுவதையும் நேரில் கண்டு சான்று பெறவேண்டும். அதன்பின் இறுதித் தொகையைக் கொடுக்கலாம். தொகையில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்திவைப்பதும் முறையே. சுற்றுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பெட்டியின் கதவிலேயே ஒட்டி வைத்தால், பத்தாண்டு கழித்துப் பழுதுபார்க்க வருபவர் உங்களை வாழ்த்துவார்.

மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை வேலை முடிந்ததும் இனவாரியாக எழுதி வைக்கவேண்டும். கம்பியில் எவ்வளவு கழிவு போயிற்று, பாறையில் குழி தோண்ட எத்தனை ஆள் பிடித்தது என்ற இக்குறிப்பே அடுத்த வேலைக்கு நம் ஊருக்கே உரிய விலைப்பட்டியலாகும். பக்கத்துச் சங்கங்கள் இக்குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டு, கம்பியையும் பெட்டிகளையும் ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கவும் முற்படலாம்.

பெருக்கலும் கூட்டலும் அறிந்த உறுப்பினர் எவரும் இக்கணக்கைப் போடலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மின்சார வேலை பற்றிய பொருள் ஏதேனும் இருக்குமாயின், இனப்பட்டியல் எங்கே, எர்த்துக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது, கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர் என்ற மூன்று கேள்விகளையும் உறுப்பினர்கள் தயங்காமல் கேட்பார்களாக. விடை கிடைக்கும் வரை அத்தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைப்பதில் குறைவொன்றும் இல்லை.